பறை என்னும் பெயர்

சில ஆண்டுகளுக்கு முன், கசார்வாடியில் நம் குடும்பங்கள் கூடிப் பொங்கல் விழா எடுக்க முனைந்தபோது, நிகழ்ச்சி நிரலை அச்சிற்குக் கொடுக்கும் வேளையில் ஒரு சிறு தடை நேர்ந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞர் சிலர் விடுமுறையில் மதுரைப் பக்கம் சென்று பறையிசை பயின்று வந்திருந்தனர். அவர்கள் நடத்த ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிக்குப் 'பறையாட்டம்' என்று நிரலில் பெயர் எழுதப்பட்டது. மெய்ப்பு நோக்கிய பெரியவர் ஒருவர், "இந்தச் சொல் வேண்டாமே, 'நாட்டுப்புற மேளம்' என்று போட்டுவிடலாம்" என்றார். அருகிருந்தோர் சிலர் தலையசைத்தனர். ஏன் வேண்டாம் என்று எவரும் கேட்கவில்லை. எவரும் சொல்லவும் இல்லை. நாமும் அன்று வாளா இருந்துவிட்டோம். நிரல் 'நாட்டுப்புற மேளம்' என்றே அச்சாகி வந்தது.

விழா நாளன்று மாலை, தோல் விறைப்பேறுவதற்காக இளைஞர்கள் முற்றத்தில் தீ மூட்டிக் கருவிகளைக் காய்ச்சிக்கொண்டிருந்தனர். அவ்வழியே வந்த மராத்தியச் சிறுவன் ஒருவன் அவற்றைக் கண்டவுடன் "ஹல்கி! ஹல்கி!" என்று துள்ளினான். தன் ஊரில் கண்ட கருவியை அவன் நம் முற்றத்தில் அடையாளம் கண்டுகொண்டான். அதன் பெயரையும் வாய்நிறையச் சொன்னான். பெயர் சொல்லத் தயங்கியவர்கள் நாமே.

அன்று பேசாதிருந்ததற்குக் கழுவாயாக இக்கட்டுரையை எழுதுகின்றோம். பறை என்னும் பெயர் எங்கிருந்து வந்தது, பிற மொழிகளில் எவ்வெவ் வடிவில் வழங்குகிறது, எங்கே சிதைந்தது, யார் கையில் இழிந்தது என்பனவற்றை ஒருங்கு வைத்து நோக்கினால், அந்தத் தயக்கத்தின் வேர் சொல்லில் இருக்கிறதா, நம்மிடம் இருக்கிறதா என்பது புலனாகும்.

சொல்லும் கருவி

'பறைதல்' என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் 'பறயுக' என்பதே பேசுதலைக் குறிக்கும் அன்றாடச் சொல். நம் குடியிருப்பில் வாழும் மலையாள அன்பர்கள் நாளும் நூறு முறை இச்சொல்லை வழங்குகின்றனர். யாழ்ப்பாணத் தமிழரும் இருவர் பேசிக்கொண்டிருப்பதைப் 'பறைதல்' என்பர். தமிழகத்துப் பேச்சில் இவ்வினை அருகிவிட்டபோதிலும், 'பறைசாற்றுதல்' என்னும் தொடரில் அதன் பொருள் உயிரோடு இருக்கிறது. செய்தியை ஊரறியச் சொல்லுவது பறை, சொல்லுதலும் பறைதல். கருவியின் பெயரையும் வினையையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாகக் கொள்வதில் பெரிய இடர்ப்பாடு இல்லை. வாயால் சொல்வது எட்டாத தொலைவிற்குத் தோலால் சொன்னார்கள் என்பதே இப்பெயர் நமக்குத் தரும் முதற்செய்தி.

ஈண்டு ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். பழந்தமிழில் பறை என்பது ஒரு தனிக் கருவியின் பெயரன்று, தோற்கருவிகளுக்கெல்லாம் பொதுப்பெயர். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களை அடுக்கும்போது, தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்னும் வரிசையில் பறையையும் வைக்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்திற்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி என இலக்கண நூலார் வகுத்துக் கூறுவர். உண்ணும் உணவும் நிழல்தரும் மரமும் போலப் பறையும் ஒரு நிலத்து வாழ்வின் அடையாளம் என்பது அவர் கொள்கை. பறையில்லாத நிலம் ஒன்று தமிழ் இலக்கணத்தில் இல்லை.

சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை வரைந்த அடியார்க்கு நல்லார் தோற்கருவிகளை நீண்டதொரு பட்டியலாகத் தருகிறார். அதில் பேரிகை, மத்தளம், தண்ணுமை, முழவு ஆகியவற்றோடு கணப்பறை, சிறுபறை, நாழிகைப்பறை, பெரும்பறை என்பனவும் இடம்பெறுகின்றன. சிறியதும் பறை, பெரியதும் பறை. நாழிகை அறிவிப்பதும் பறை. வடிவத்தை வைத்து அமைந்த பெயரன்று இது. அறிவிக்கும் தொழிலை வைத்து அமைந்தது.

இன்று தமிழகத்தில் பறை என்றவுடன் நம் கண்முன் நிற்பது மரவளையத்தில் புளியங்கொட்டைப் பசையால் தோலை ஒட்டி, தோளில் மாட்டி, நீண்ட சுண்டுக்குச்சியாலும் குறுகிய அடிக்குச்சியாலும் அடிக்கும் ஒருமுகக் கருவி. இலங்கையின் மட்டக்களப்பிலோ பறைமேளம் இருமுகம் கொண்ட உருளை வடிவினது. பெயர் ஒன்று, கருவி வேறு. சங்கப் பாட்டில் பறை என்று வருமிடமெல்லாம் இன்றைய வட்டப்பறையையே கண்டு மகிழ்வோர் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்த்தல் நலம்.

இலக்கியத்தில் பறையின் இருக்கை

பறையை அமங்கலத்தோடு மட்டும் சேர்த்துப் பேசுவது பிற்காலத்து வழக்கம். புறநானூற்றின் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார், ஓர் இல்லத்தில் சாப்பறை ஒலிக்க, மற்றோர் இல்லத்தில் மணமுழவு முழங்கும் உலகியல்பைக் காட்டுகிறார். இரண்டு ஓசையும் ஒரே ஊரில், ஒரே நேரத்தில் எழுகின்றன. சாவுக்கென ஒரு பறையும் மணத்திற்கென ஒரு முழவும் இருந்தன என்பதே செய்தி. தோற்கருவி என்றாலே சாவு என்பதன்று.

திருவள்ளுவர் பறையை ஆளும் மூன்று இடங்களை எடுத்துக்கொள்வோம். கயமை அதிகாரத்தில், கேட்ட மறையைப் பிறர்க்குச் சென்று உரைக்கும் கீழோரை 'அறைபறை' என்கிறார். கண்விதுப்பழிதலில், காதலை ஊரறியக் காட்டிக்கொடுக்கும் தலைவியின் கண்களுக்கும் அதே சொல். இவ்விரண்டிலும் பறை என்பது ஒளிக்கத் தெரியாத, சொல்லாமல் இருக்க மாட்டாத ஒன்று. மூன்றாவது, நலம்புனைந்துரைத்தலில் வருவது. அனிச்சப் பூவைக் காம்பு களையாமல் சூடிய தலைவியின் இடைக்கு இனி 'நல்ல' பறை ஒலிக்காது என்கிறான் தலைவன். அவன் கூற்றின்படி நல்ல பறை என ஒன்று உண்டு. மங்கலப் பறையும் நெய்தற்பறையும் கேட்போர் செவியில் தனித்தனியே அடையாளம் பெற்றிருந்ததால்தான் அந்நயம் பொருள்படுகிறது.

பக்தி இலக்கியத்திற்கு வருவோம். மார்கழி விடியலில் நம் இல்லங்கள் பலவற்றில் திருப்பாவை ஒலிக்கிறது. ஆண்டாள் தன் தோழியரை அழைத்துக்கொண்டு நாராயணனிடம் எதை வேண்டிச் செல்கிறாள்? பறையை. முதற்பாட்டிலேயே அவன் பறை தருவான் என்னும் உறுதி வந்துவிடுகிறது. இருபத்தொன்பதாம் பாட்டில், தாம் நாடியது அக்கருவி மட்டுமன்று, என்றென்றும் அவனுக்கு ஆட்படும் பேறே என்று அவள் விளக்குகிறாள். பறை என்பதைப் பேறு என உரையாசிரியர்கள் விரித்தது அப்பாட்டின் வழியேதான். அவ்வுரை பெருமையுடையது. ஆயினும், உரையின் ஒளியில் மூலத்தின் ஓசை மறைந்துவிடக் கூடாது. ஆயர் சிறுமியர் நோன்பிற்குக் கேட்டது அடித்து முழக்கும் ஒரு கருவியைத்தான். வீடுபேற்றின் குறியீடாக ஆண்டாள் தேர்ந்தெடுத்த சொல்லை நாம் பொங்கல் விழா நிரலில் அச்சிடக் கூசுகின்றோம்!

பிள்ளைத்தமிழில் இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஒன்று சிறுபறைப் பருவம். குமரகுருபரரின் முத்துக்குமாரசாமி பிள்ளைத்தமிழில் முருகக் கடவுளே குழந்தையாகிச் சிறுபறை முழக்குகிறான். சிற்றில் சிதைக்கும் கையும், சிறுதேர் உருட்டும் கையும், சிறுபறை கொட்டும் கையும் ஒன்றே. பறை தொட்ட கை தீட்டானது என்னும் எண்ணம் அப்புலவர் உள்ளத்தில் நிழலாடியிருந்தால் இப்பருவத்தைப் பாட நா எழுந்திராது.

அண்டை மொழிகளில்

பறை மலையாளத்தில் 'பற' ஆகும். அங்கு இச்சொல்லுக்குக் கருவி என்பதோடு நெல் அளக்கும் முகத்தலளவை என்னும் பொருளும் உண்டு. பத்து இடங்கழி கொண்டது ஒரு பற. திருமண மேடையில் நெல் நிறைத்து வைக்கும் 'நிறபற' கேரளத்தார்க்கு மங்கலப் பொருள்களுள் முதன்மையானது. ஒரே சொல் ஒரு மொழியில் மணமேடையில் அமர்ந்திருக்கிறது. மற்றொரு மொழியில் அழைப்பிதழில் ஏறவும் இடமின்றி நிற்கிறது.

பழங்கன்னடத்தில் இச்சொல் 'பறெ'; பிற்காலத்தில் 'ஹறெ'. சொல் முதலில் வரும் பகரம் கன்னடத்தில் ஹகரமாவது யாவரும் அறிந்த ஒலிவிதி. நம் பால் அவர்க்கு ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி. இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மராத்தியச் சிறுவனின் 'ஹல்கி'யை மீண்டும் கேட்போம்.

கோலாப்பூர் மல்யுத்தக் களங்களில் மல்லர்க்கு ஊக்கம் ஏற்றுவது ஹல்கி. வட கருநாடகத்திலும் ஹலகெ, ஹலகி என்னும் பெயரில் இக்கருவி வழங்குகிறது. கன்னடத்தில் 'ஹலகெ' என்றால் பலகை என்றும் பொருள். பலகை, ஹலகெ, ஹல்கி என்னும் வரிசையில் ஒலிவிதி பொருந்துகிறது. கன்னடமும் மராத்தியும் எல்லைப் புறங்களில் நூற்றாண்டுகளாகக் கலந்து வாழ்வதால் வழியும் பொருந்துகிறது. பலகை போல் தட்டையான கருவிக்கு அப்பெயர் அமைந்தது என்பதும் இயல்பே. ஆதலால் ஹல்கி என்னும் பெயரில் நம் 'பலகை' உறைகிறது என்று கொள்வது தகும் என்பது எம் கருத்து. பறை என்னும் சொல்லுக்கும் ஹல்கி என்னும் சொல்லுக்கும் பிறப்பில் உறவில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சொன்ன சிறுவன், தான் அறியாமலே, நம் வீட்டுச் சொல் ஒன்றைத்தான் சொன்னான்.

ஊரறிய அறிவிக்கும் தொழிலின் பெயர்களும் இவ்வாறே ஊர் மாறியுள்ளன. பறையறைதல் என்றும் தமுக்கடித்தல் என்றும் சொல்லிவந்த தமிழர் பின்னாளில் 'தண்டோரா போடுதல்' என்றனர். இது இந்தியில் 'டிண்டோரா' என வழங்கும் வட இந்தியச் சொல்லின் வழி வந்தது. தெலுங்கரும் 'தண்டோரா' என்பர். மராத்தியில் இதனைத் 'தவண்டி' என்பர். ஊர்ப்புறங்களில் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்துமாறு 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவுறுத்தினார். நிறுத்தப்பட வேண்டியது வழக்கமே. ஒரு மனிதனைத் தெருத் தெருவாகக் கூவ வைத்த கட்டாயமே அதன் குற்றம், தோலின் ஓசையன்று.

பெருமையின் பொருட்டு வழுவாமை

பறைக்குத் தமிழில் 'தப்பு', 'தப்பட்டை' என்னும் பெயர்களும் உண்டு. தெலுங்கில் 'டப்பு', மராத்தியில் சாகிர்கள் போவாடா பாடும்போது முழக்கும் 'டஃப்', பாரசீகத்தில் 'தஃப்', அரபியில் 'துஃப்', எபிரேயத்தில் 'தோஃப்'. அரபுச் சொல் மேற்கே சென்று போர்த்துகலில் 'அதுஃபே' ஆகி, ஒரு சதுரப் பறையின் பெயராக இன்றும் வழங்குகிறது.

இந்த ஒலியொப்புமையைக் கண்டவுடன், உலகத்துப் பறைகளெல்லாம் தமிழிலிருந்து சென்றவை என்று மேடையில் முழங்குவோர் நம்மிடையே உண்டு. அவர்தம் ஆர்வத்தை மதிக்கின்றோம். முடிவை ஏற்க இயலவில்லை. இரு மொழிச் சொற்களை உறவென்று சொல்ல மூன்று சான்றுகள் வேண்டும். ஒலி மாறியதற்கு விதி வேண்டும். எது முந்தியது எனக் காட்டக் காலம் வேண்டும். சொல் சென்ற வழி வேண்டும். தோற்கருவிகளின் பெயர்கள் பெரும்பாலும் அவை எழுப்பும் ஓசையைப் போலிருப்பன. தட்டினால் 'தப்' என்று கேட்பது தமிழன் செவிக்கு மட்டும் உரியதன்று. எபிரேயத் 'தோஃப்' விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலேயே காணப்படும் தொன்மையுடையது. தக்காணத்தில் பாமினி, அடில்சாகி அரசுகளின் காலத்தில் பாரசீகச் சொற்கள் மராத்தியிலும் தெலுங்கிலும் தமிழிலும் புகுந்தன என்பது வரலாறு. ஆகவே தப்பு என்னும் பெயர் நாம் கொடுத்ததாக இருப்பதைக் காட்டிலும், பெற்றதாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. கொடுத்ததைச் சொல்லும் நாவிற்குப் பெற்றதைச் சொல்லும் நேர்மையும் வேண்டும்.

மொழிபெயர்ப்பில் பெயர் தடுமாறுவதற்கும் இங்கு ஒரு சான்று உண்டு. விவிலியத்தில் மிரியாம் கையில் எடுத்து ஆடியது 'தோஃப்'. தமிழ் விவிலியத்தில் அது 'தம்புரு' ஆயிற்று. தமிழ்ச் செவிக்குத் தம்புரா என்றால் சுருதி சேர்க்கும் நரம்புக்கருவி. ஆடிப்பாடிய பெண்ணின் கையில் இருந்த பறை, வாசகர் மனக்கண்ணில் மடியில் சாய்த்து மீட்டும் கருவியாகிவிடுகிறது. 'பறை' என்றே பெயர்த்திருந்தால் பொருள் எத்துணைத் தெளிவாக இருந்திருக்கும்!

கடல் கடந்த பெயர்

இனி வருவது இப்பெயரின் துயரமான பகுதி. புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார், துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நால்வரை ஓர் ஊரின் சிறந்த குடிகளாக எண்ணுகிறார். கருவியால் பெயர்பெற்ற குடி அங்கே பெருமையோடு நிற்கிறது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இராசராச சோழனின் தஞ்சைக் கல்வெட்டுகளில், பறைச்சேரி என்றும் தீண்டாச்சேரி என்றும் குடியிருப்புகள் ஊரினின்று பிரித்துக் குறிக்கப்படுகின்றன. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் பறையின் ஓசை மாறவில்லை. அதைக் கேட்ட சமுதாயம் மாறிவிட்டது.

ஐரோப்பியர் இக்குலப்பெயரைச் செவியுற்றுத் தம் நூல்களில் எழுதினர். ஆங்கிலத்தில் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இது இடம்பெற்றது. பின்னர், சமுதாயத்தால் விலக்கப்பட்ட எவரையும் குறிக்கும் 'பரையா' என்னும் பொதுச்சொல் ஆயிற்று. பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தன் த சேன்பியர் 1791இல் வெளியிட்ட 'இந்தியக் குடிசை' என்னும் கதையில், அறிவுடைய மனிதனாகத் தோன்றுபவன் ஒரு 'பாரியா'. 1821இல் தெலவீன் பாரிசில் அப்பெயரால் நாடகம் படைத்தார். செருமானியப் பெருங்கவிஞர் கெத்தே அப்பெயரில் முப்பகுதிக் கவிதை எழுதினார். 1829இல் தொனிசெத்தியின் இசைநாடகம் அதே தலைப்பில் நேப்பிள்சில் அரங்கேறியது. 1869இல் மொனியூசுகோவின் இசைநாடகம் வார்சாவில். நம் தோற்கருவியின் பெயர், அக்கருவியின் ஓசையைக் கேட்டறியாத அரங்குகளில், வயலின்களுக்கு நடுவே தலைப்பாக நின்றது. 1944இல் அன்னா அரெண்டு, ஐரோப்பிய யூதரின் நிலையை விளக்க இச்சொல்லையே கையாண்டார்.

இவ்வெழுத்தாளர் பலர் இரக்கத்தோடுதான் எழுதினர். ஆயினும் ஒரு குறையைச் சுட்டாமல் இருக்க இயலாது. அவர்கள் எடுத்துக்கொண்டது இழிவை மட்டுமே, கருவியை விட்டுவிட்டார்கள். சொல்லுதலைக் குறித்து எழுந்த பெயர், சொல்லும் உரிமை இல்லாதவன் என்னும் பொருளில் உலகைச் சுற்றி வந்தது. இன்றும் ஆங்கிலச் செய்தித்தாள்கள் தாம் விரும்பாத நாட்டை இச்சொல்லால் குறிக்கின்றன. நம் பிள்ளைகள் பள்ளியில் இச்சொல்லைப் பாடமாகப் படிக்கிறார்கள். அது தமிழ்ச் சொல் என்பதையோ, அதற்குள் ஒரு பறை இருக்கிறது என்பதையோ அவர்களுக்கு எவரும் சொல்வதில்லை.

பெயரை எதிர்கொண்ட மூவர்

இப்பெயரைச் சுமக்க நேர்ந்த மக்களின் தலைவர்கள் அதனை எவ்வாறு எதிர்கொண்டனர்? மூவர் மூன்று வழியில் நின்றனர். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். எப்பெயரால் இழித்தீர்களோ அப்பெயராலேயே நிமிர்வேன் என்பது அவர் நிலை. அயோத்திதாசப் பண்டிதர் அப்பெயரையே மறுத்து, 1907இல் தாம் தொடங்கிய இதழில் தம் மக்களைத் தொல்குடித் தமிழராகவும் பௌத்தராகவும் நிறுவ முயன்றார். எம்.சி. இராசா, அரசு ஆவணங்களில் அப்பெயரை நீக்கி 'ஆதி திராவிடர்' என வழங்கப் பாடுபட்டார்; 1922இல் சென்னை மாகாண அரசு அதனை ஏற்றது.

இம்மூவருள் இருவரை நம் புனே அறியும். 1932 செப்டம்பரில் எரவாடாச் சிறையில் காந்தியடிகள் உண்ணாநோன்பிருந்தபோது, 24ஆம் நாள் கையெழுத்தான புனே ஒப்பந்தத்தில், அண்ணல் அம்பேத்கரோடு இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. இராசாவும் ஒப்பமிட்டனர். பெயரை ஏந்தியவரும் பெயரை மாற்றியவரும் ஒரே தாளில், நாம் நாள்தோறும் வேலைக்குச் சென்று மீளும் இதே நகரில் கையெழுத்திட்டனர். தமிழ்ச் சொல் ஒன்றின் வரலாறு நம் வாயிற்படி வரை வந்திருக்கிறது.

பறையை அடிக்க மறுத்தோரும் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றில், சாவுக்குப் பறையடிக்கும் கட்டாய ஊழியத்தை மக்கள் துறந்தனர். அதன்பின், அந்நூற்றாண்டின் இறுதியில், அதே பறை விடுதலையின் கலையாக மேடையேறியது. மதுரைப் பறைக்கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. மறுத்தவரும் சரியே; ஏற்றவரும் சரியே. இரண்டிலும் முடிவு செய்தவர் அக்கருவிக்கு உரியவர்.

நிரலில் எழுத வேண்டிய சொல்

நாம் வாழும் ஊரின் பெயரையும் ஒரு கணம் நோக்குவோம். மராத்தியில் 'காசார்' என்றால் பித்தளை, வெண்கல வேலை செய்வோர். வெண்கலத்தைக் குறிக்கும் வடசொல்லின் வழி வந்தது இது. அவ்வடசொல்லே தமிழில் 'கஞ்சம்' ஆகி, தாளம் போன்றவற்றைக் கஞ்சக்கருவி என வழங்கச் செய்தது. கசார்வாடி என்னும் பெயரில் ஒலிப்பது இத்தொழிற்பெயரே. கைத்தொழிலால் வந்த பெயர் குலப்பெயராயிற்று. குலப்பெயர் ஊரையும் சேர்ந்தது. அதை முகவரியில் எழுத நாம் கூசியதில்லை. பறை என்பதும் அவ்வாறே கைத்தொழிலால் வந்த பெயர், குலப்பெயராயிற்று, சேரிப்பெயராயிற்று. இரண்டு பெயர்களும் நடந்த வழி ஒன்று. ஒன்று வாழ்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்றால், குறை சொல்லில் இல்லை; சொன்ன வாயில் இருக்கிறது.

அப்பொங்கல் விழா முடிந்தபின் நிகழ்ந்த ஒன்றைக் கூறி முடிக்கின்றோம். இளைஞர்களின் ஆட்டத்தை முதல் வரிசையில் இருந்து கண்ட முதியவர் ஒருவர், நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த எம்மிடம் வந்தார். ஆலை வேலைக்காக இளமையில் இங்கு வந்து, ஓய்வுபெற்று, இங்கேயே தங்கிவிட்டவர். நிரலைக் கையில் மடித்து வைத்திருந்தார். "எங்க அப்பாவுக்கு இது கலை இல்லீங்க, கட்டளை. கூப்பிட்டா போகணும், போகலைன்னா ஊர்ல இருக்க முடியாது. இந்தப் பசங்க ஆசைப்பட்டு அடிக்கிறாங்க, பார்க்கவே நிறைவா இருக்கு. ஆனா பேரை மறைச்சு அடிக்க வேணாம். பேரை மறைச்சா, அடிச்ச கையையும் சேர்த்து மறைச்ச மாதிரி ஆயிடும்" என்றார்.

நாம் எழுப்ப நினைத்த வினாவிற்கு அவர் விடை சொல்லிவிட்டார். அச்சொல்லின் காயத்தைச் சுமந்தோர் வழிவந்தவர்களும் நம்மிடையே உளர். அதைச் சுமத்தியோர் வழிவந்தவர்களும் உளர். காயம் பட்டவர் அப்பெயரை வேண்டாம் என்றால் அது அவர் உரிமை. அதற்கு நாம் தலைவணங்க வேண்டும். காயம் படாதவர் வேண்டாம் என்று சொல்லும்போது, அது மென்மை போல் தோன்றினும், பழைய விலக்கலின் புதிய வடிவமே. அன்று கருவியைச் சேரியில் நிறுத்தினோம். இன்று ஓசையை மேடையில் ஏற்றிப் பெயரை வெளியே நிறுத்துகின்றோம்.

பிறந்த மண்ணை விட்டு வந்த நம் பிள்ளைகள் பெரும்பாலும் சொற்களின் வழியாகவே தமிழகத்தை அறிகின்றனர். மறைத்துக் கொடுத்த சொல் அவர்களிடம் பாதியாகவே சென்று சேரும். ஆங்கிலப் பாடநூலில் இழிந்த பொருளில் அவர்கள் சந்திக்கப்போகும் சொல்லை, அதற்கு முன்பே, உரிய பொருளோடும் உரிய வரலாற்றோடும், நேர்ந்த பிழையோடும் சேர்த்து நாமே சொல்லிக் கொடுத்தல் வேண்டும். அடுத்த பொங்கலுக்கு அவ்விளைஞர்கள் மீண்டும் ஆட இருக்கின்றனர். நிரல் எழுதும் பணி இம்முறை எம்மிடம் வந்துள்ளது. 'பறையாட்டம்' என்று எழுதியாயிற்று.